உயிர் மீட்பும் வலு மீட்பும்

கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்து உயிருக்குப் போராடிய பெண்களைச் சத்திரசிகிச்சை மூலம் காப்பாற்றும் முறை 1883ஆம் ஆண்டிலே தொடங்கியது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே தொழில் புரிந்த சத்திரவைத்தியரான றொபேட் லோசன் ரெயிற், அவ்வாண்டு தொடக்கம் 1888 வரை இத்தகைய நோயாளர் 42 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்து, அவர்களுள் இருவரை மாத்திரமே இழந்தார். வைத்திய வரலாற்று நூல்கள் இவ்வெண்களை உரிய பெருமையுடன் குறித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குச் சென்றுவிடுகின்றன. எஞ்சிய நாற்பது பெண்களும் எத்தனை நாளில் எழுந்து நடமாடினர், கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் தூக்கும் வலு அவர்களுக்கு எத்தனை மாதத்தில் மீண்டது என்ற வினா அந்நூல்களில் எழுவதில்லை.

அவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. உயிரை மீட்ட அறிவு ஒரு தலைமுறைக்குள் உலகெங்கும் பரவியது. வலுவை மீட்கும் அறிவு உருவாக அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. களைப்பு எனப்படுவது யாது, அது எதனால் உண்டாகின்றது என்பது பற்றி வைத்திய உலகு கொண்டிருந்த பிழையான எண்ணமே இத்தாமதத்துக்கு முதற் காரணமாயிற்று. எல்லாக் களைப்புக்கும் படுக்கையே மருந்து என்பது அவ்வெண்ணம்.

சூலகத்திலிருந்து வெளிப்படும் முட்டை, கருப்பையை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய குழாயிலேயே கருக்கட்டுகின்றது. இத்தாலிய உடற்கூற்றறிஞர் கபிரியேல் பலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் இக்குழாயை விரிவாக விவரித்தமையால் அஃது அவர் பெயரையே பெற்றது. கருக்கட்டிய முட்டை கருப்பையை அடையாது வழியிலே தங்கி வளரத் தொடங்கினால், சில வாரங்களில் குழாயின் சுவர் விரிவுதாங்காது வெடிக்கும். வயிற்றறையினுள்ளே குருதி பெருகும். நூறு கர்ப்பங்களுள் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு அமைவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை குழாயிலே தங்குவனவாகும். இடம் பெயர்ந்தது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘எக்ரோப்பிக்’ என்ற பெயரை இலண்டன் வைத்தியர் றொபேட் பாண்ஸ் 1873இல் இதற்கு வழங்கினார். இக்கட்டுரையில் அது குழாய்க் கர்ப்பம் எனப்படுகின்றது.

நோய் பழையது. பத்தாம் நூற்றாண்டிலே ஸ்பானிய மண்ணில், கோர்டோவாவிலே வாழ்ந்த அராபியச் சத்திரவைத்தியர் அல்-சஹ்ராவி, ஒரு பெண்ணின் வயிற்றுச் சுவரில் தோன்றிய சீழ்க்கட்டியினூடாகச் சிசுவின் எலும்புகள் வெளிவந்ததைக் கண்டு எழுதிவைத்தார். ஆயினும் நோயை அறிந்ததும் அதனைத் தீர்த்ததும் ஒன்றல்ல. 1876இல் பிலடெல்பியா வைத்தியர் ஜோன் பரி அதுவரை வைத்திய ஏடுகளில் பதிவான 500 நோயாளரின் விபரங்களைத் திரட்டினார். அவர்களுள் 336 பேர் இறந்திருந்தனர். வயிற்றைத் திறந்து, குருதி பாயும் நாளங்களைக் கட்டுவதே செய்யத்தக்கது என்று பரி வற்புறுத்தினார். அதனைச் செய்ய எவரும் துணியவில்லை.

துணிவுடையவர் எனப் பெயர்பெற்ற ரெயிற் கூட முதலில் தயங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. 1881ஆம் ஆண்டுக் கோடையிலே ஹோல்றைற் என்னும் குடும்ப வைத்தியர், குழாய் வெடித்த ஒரு பெண்ணைக் காட்டி, வயிற்றைத் திறந்து குழாயை அகற்றலாமே என்று அவரிடம் கூறினார். ரெயிற் மறுத்தார், அப்பெண் இறந்தாள். பிரேதபரிசோதனையின்போது வெடித்த குழாயைப் பார்த்த ரெயிற்றுக்கு, ஒரு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாலே அவள் பிழைத்திருப்பாள் என்பது புலனாயிற்று. பெயர்பெற்ற நிபுணருக்குத் தோன்றாதது ஊர்வைத்தியர் ஒருவருக்குத் தோன்றியது என்பதை ரெயிற் பின்னர் மறைக்காது எழுதினார். அக்காலத்து நிபுணர்களிடையே இஃது அருமையான பண்பாகும்.

1883 ஜனவரியில் அடுத்த நோயாளி வந்தபோது அவர் வயிற்றைத் திறந்தார். ஒட்டிக்கிடந்த உறுப்புக்களை முதலில் பிரித்தெடுக்க முயன்றமையால் குருதி பெருகி, அப்பெண்ணும் இறந்தாள். பிரித்தெடுப்பதில் நேரத்தைச் செலவிடாது குருதி ஊற்றெடுக்கும் இடத்தை நேரே பற்றிக் கட்டவேண்டும் என்பது அவர் கற்ற பாடம். மார்ச் மாதத்தில் மூன்றாவது பெண்ணுக்கு அவ்வாறே செய்தார்; அவள் பிழைத்தாள். (மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த சமுவேல் பிஸ்க் கிறீன் தாயகம் திரும்பிப் பத்தாண்டு கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. ஆகவே அவர் வெளியிட்ட தமிழ்ப் பிரசவ வைத்திய நூலைக் கற்ற மாணவர், வெடித்த குழாயைக் கட்டி உயிரைக் காக்கலாம் என்பதை அறிந்திருக்க வழியில்லை.)

பிழைத்த பெண்ணுக்கு அடுத்து விதிக்கப்பட்டது படுக்கை. வயிற்றைத் திறந்த எவரும் இரண்டு மூன்று கிழமை மல்லாந்து கிடக்கவேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியின் பொதுவிதி. இவ்விதிக்குத் தக்க காரணங்கள் இருப்பனபோலத் தோன்றின. விலங்குக் குடலிலிருந்து செய்யப்பட்ட தையல் நூல் நம்பத்தகாதது. எழுந்தால் காயம் விரிந்துவிடும் என்று அஞ்சினர். இவ்வச்சத்துக்கு ஒரு தத்துவமும் துணைநின்றது. இலண்டன் சத்திரவைத்தியர் ஜோன் ஹில்ற்றன், இயற்கையின் குணமாக்கும் ஆற்றலுக்கு ஓய்வே வழிவிடுகின்றது என்று ஆற்றிய விரிவுரைகள் 1863இல் நூலாகி, சத்திரவைத்திய மாணவர் பல தலைமுறையினரின் பாடமாயின. முறிந்த எலும்புக்கும் வீங்கிய மூட்டுக்கும் ஹில்ற்றன் கூறியது முற்றிலும் பொருந்தும். பின்வந்தோர் அதனை முழு உடலுக்கும் விரித்தமையே தவறு.

பெண்களைப் பொறுத்தவரை இத்தத்துவம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பிலடெல்பியாவின் நரம்பியல் வைத்தியர் சைலஸ் வெயர் மிச்செல் 1877இல் வெளியிட்ட நூலிலே, களைத்துச் சோர்ந்த பெண்களுக்கு ஆறு கிழமை முதல் இரு மாதம் வரை படுக்கை, தனிமை, மிகையான பாலுணவு, தசையைப் பிடித்துவிடுதல் ஆகியவற்றை விதித்தார். வாசிப்பும் எழுத்தும் விலக்கப்பட்டன. மகப்பேற்றின் பின் சோர்வுற்ற சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன் 1887இல் மிச்செலிடம் இச்சிகிச்சையைப் பெற்றார். பேனாவைத் தொடவே கூடாது என்று விதிக்கப்பட்ட அவர், மனம் பேதலிக்கும் எல்லைவரை சென்று மீண்டு, 1892இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்னும் சிறுகதையை வெளியிட்டார். அக்கதை இன்று இலக்கிய மாணவராற் பெண்ணிய நோக்கிலேயே பெரிதும் வாசிக்கப்படுகின்றது. நோய் நீங்கி உடல் தேறும் காலம் பற்றிய வைத்தியக் கொள்கையொன்றுக்கு நோயாளி எழுதிய மறுப்பாகவும் அதனை வாசிக்க இடமுண்டு.

ஓய்வு எவருக்கு எவ்வளவு உரியது என்பதைச் சமூகமும் நிர்ணயித்தது. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வரை வீட்டினுள்ளே ஓய்ந்திருப்பதும், அதன்பின் தேவாலயம் சென்று நன்றி செலுத்தி ஊர் வாழ்வுக்குத் திரும்புவதும் ஆங்கிலேயர் வழக்காயிருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் வழக்கில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரை தாய்க்கு உரியனவான பத்தியமும் சரக்குத்தூளும் வேலைவிலக்கும் இதனோடு ஒப்பிடத்தக்கன. குழாய்க் கர்ப்பத்தால் வயிறு கிழிக்கப்பட்டவளோ பிள்ளை பெற்றவள் அல்லள். அவள் தொட்டிலின்றித் திரும்பினாள். அவளுக்கென ஒரு மாதமும் இல்லை, மாத முடிவில் ஒரு சடங்கும் இல்லை. வைத்தியசாலையிலே அளவுக்கு மீறிய படுக்கை, வீட்டிலே அளவுக்குக் குறைந்த ஓய்வு என்னும் முரண்பாடு இதனாலேயே நேர்ந்தது.

படுக்கை எதனைக் குணமாக்கும் என்று நம்பப்பட்டதோ, அக்களைப்பின் பெரும்பகுதி குருதியிலே இருந்தது. வெடித்த குழாயினால் ஒரு லீற்றரோ இரண்டு லீற்றரோ குருதி வயிற்றறையில் நிறைவது அரிதன்று. உடலிலே சுற்றும் மொத்தக் குருதி ஏறத்தாழ ஐந்து லீற்றரே என்பதை நினைத்தால் இவ்விழப்பின் பருமன் விளங்கும். பிறர் குருதியை ஏற்றும் முயற்சி பழையதாயினும், கார்ல் லான்ட்ஸ்ரைனர் 1901இல் குருதி வகைகளைப் பிரித்தறியும் வரை அஃது ஒரு சூதாட்டமாகவே இருந்தது. அதன்பின்னரும் தக்க தானி உடனே கிடைப்பது அரிது. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் யொகானஸ் தீஸ் என்னும் மகளிர் வைத்தியர் 1914இல் வேறொரு வழியைக் கண்டார். நோயாளியின் வயிற்றறையில் தேங்கிய குருதியையே அள்ளி, வடித்து, அவளது நாளத்தினூடாக அவளுக்கே திருப்பிச் செலுத்தினார். எவருடைய குருதி எவருக்குப் பொருந்தும் என்ற வினாவே அங்கு எழாது. குருதிவங்கியற்ற வறிய நாட்டு வைத்தியசாலைகள் சிலவற்றில் இம்முறை இன்றும் உயிர் காக்கின்றது. சிக்காகோவில் 1937இல் பேர்னாட் பன்ரஸ் குருதிவங்கியொன்றை நிறுவி அப்பெயரையும் வழக்குக்குக் கொணர்ந்த பின்னர், செல்வ நாடுகளில் இத்தேவை படிப்படியாகக் குறைந்தது.

எனினும் குருதி ஏற்றப்பட்ட நோயாளியும், ஏற்றப்படாது தப்பியவளும் வீடு செல்லும்போது ஒரு கடனோடு செல்கின்றனர். அக்கடன் இரும்பினாலானது. ஒரு லீற்றர் குருதியுடன் ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிகிராம் வரையான இரும்பு உடலை விட்டு நீங்குகின்றது. உணவிலிருந்து சாதாரணமாக உடல் உறிஞ்சுவதோ நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். பெண்ணின் உடற் சேமிப்பு மொத்தம் 300 மில்லிகிராம் அளவினது. மாதவிடாயாலும் முன்னைய மகப்பேறுகளாலும் பலரிடம் அதுவும் இருப்பதில்லை. வகுத்துப் பார்த்தால், உணவை மாத்திரம் நம்பி ஒரு லீற்றர் இழப்பை ஈடுசெய்ய ஓராண்டு வரை செல்லக்கூடும் என்பது தெரியவரும். சத்திரசிகிச்சையின் பின் பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமையில் மாதவிடாய் மீளும்போது இக்கணக்கில் இன்னொரு செலவும் சேர்கின்றது. படியேறும்போது நெஞ்சு படபடப்பதும், பகலிலே உறக்கம் அழுத்துவதும், சிறு வேலைக்கே மூச்சு வாங்குவதும் மனத்தளர்ச்சியினால் அல்ல. ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைந்துவிட்டது. படுக்கையில் எத்தனை நாள் கிடந்தாலும் இரும்பின்றி அது பெருகாது.

இரும்பின் பயன் ரெயிற்றின் காலத்துக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது என்பதே வியப்பு. பிரான்சு நாட்டு வைத்தியர் பியர் புளோ 1832இல் வெளிறிய இளம்பெண்களுக்கு இரும்புச் சல்பேற்று அடங்கிய குளிகைகளை நிறைந்த அளவிற் கொடுத்து, சில கிழமைகளில் அவர்கள் தேறியதை அறிவித்தார். பிற்காலத்தவர் அளவைக் குறைத்துக் கொடுத்து, பயன் காணாது, இரும்பையே ஐயுற்றனர். 1937இல் பிரித்தானிய ஆய்வாளரான மக்கான்ஸ், எல்சி விடோசன் ஆகியோர், உடல் இரும்பை வேண்டியவாறு வெளியேற்ற வல்லதன்று, உறிஞ்சும் அளவினாலேயே சமநிலையைக் காக்கின்றது என்று நிறுவியபோதுதான் இக்கணக்கின் அடிப்படை தெளிவாயிற்று. இரும்பு உட்கொண்டதும் மேலும் உறிஞ்சாதவாறு தடுக்கும் ஹெப்சிடின் என்னும் ஓமோன் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இனங்காணப்பட்டது. அதன்பயனாக, இரும்புக் குறைபாடுடைய இளம்பெண்களைக் கொண்டு சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நிகழ்ந்து 2015இலும் 2017இலும் வெளியான ஆய்வுகள், நாள்தோறும் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்த குளிகையிலிருந்து கூடிய வீதம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் காட்டின. தேநீர் இவ்வுறிஞ்சலைப் பெரிதும் குறைக்கின்றது என்பது 1975இல் தென்னாபிரிக்க ஆய்வொன்றினால் வெளிப்பட்டது. தேயிலை விளையும் நாட்டிலே, நோயாளிக்கு உணவோடு முதலிற் கொடுக்கப்படுவது தேநீர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

குருதியின் கடன் இவ்வாறு ஒருபுறமிருக்க, படுக்கையே புதியதொரு கடனை உண்டாக்குகின்றது என்ற உண்மை மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. சிக்காகோவின் மகளிர் வைத்தியர் எமில் றீஸ் 1899இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வயிற்றறைச் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களைத் தாம் ஒன்றிரண்டு நாட்களிலேயே எழுப்பி நடமாடவிட்டதாகவும், உணவையும் தாமதியாது கொடுத்ததாகவும், அவர்கள் கேடின்றி விரைவில் வலுப்பெற்றதாகவும் அதிலே கூறினார். அக்கட்டுரை வெளிவந்து நாற்பது ஆண்டுகள் வரை பெரும்பாலான வைத்தியசாலைகளில் எதுவும் மாறவில்லை. புதிய கருவியையோ மருந்தையோ வேண்டாத ஒரு சீர்திருத்தம், செலவற்றது என்பதனாலேயே எளிதிற் பரவும் என எதிர்பார்ப்பது தவறு. கருவியை விற்பவர் உண்டு. நடையை விற்பவர் எவருமில்லை.

மாற்றத்தைக் கொணர்ந்தது பெரும்பாலும் போர். டெற்றோயிற் நகரின் சத்திரவைத்தியர் டானியல் லைத்தவுசர் 1930களின் இறுதியிலிருந்து நோயாளரை விரைவில் எழுப்பி, பெற்ற அனுபவத்தை 1946இல் நூலாக்கினார். இதற்கிடையே இரண்டாம் உலகப்போரின்போது படுக்கைகளும் தாதியரும் போதாமற் போகவே, பல வைத்தியசாலைகள் கொள்கையினாலன்றித் தேவையினால் நோயாளரை எழுப்பின. அஞ்சிய கேடு எதுவும் நிகழவில்லை. 1944இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் ஏட்டிலே ஓய்வு துர்ப்பிரயோகம் செய்யப்படுகின்றது என்னும் பொருளில் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியாயிற்று. சத்திரசிகிச்சை பற்றி ஜோன் பவர்சும், மகப்பேறு பற்றி நிக்கல்சன் ஈஸ்ற்மனும், பொதுவான கேடுகள் பற்றி வில்லியம் டொக்கும் எழுதினர். 1947இல் இலண்டன் வைத்தியர் றிச்சாட் ஆஷர், படுக்கையின் ஆபத்துக்களை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி எழுதிய அங்கதம் கலந்த கட்டுரை அத்துறையின் மிகச் சிறந்த உரைநடைகளுள் ஒன்றாகும். அசையாத கால்களின் நாளங்களிலே குருதி உறைந்து, உறைகட்டி நுரையீரலுக்குச் சென்று திடீர் மரணத்தை விளைவிக்கக்கூடும். காயத்துக்கு அஞ்சிப் படுக்கவைக்கப்பட்டவர்களுட் சிலர், படுத்திருந்தமையாலேயே இறந்தனர்.

படுக்கை எவ்வளவு வலுவைப் பறிக்கின்றது என்பதை அளந்தவர்கள் இருவகையினர். நியூயோர்க்கின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீற்றிக்கும் துணைவரும் ஆரோக்கியமான நான்கு ஆடவரை இடுப்புக்குக் கீழே சாந்துக்கட்டிட்டு ஆறேழு கிழமை படுக்கவைத்து, அவர்களது உடல் நைதரசனையும் கல்சியத்தையும் இழந்ததையும், நிமிர்த்தியபோது சிலர் மயங்கியதையும் 1948இல் வெளியிட்டனர். டல்லஸ் நகரிலே ஐந்து இளைஞரை மூன்று கிழமை படுக்கவைத்த ஆய்வு 1968இல் வெளியாயிற்று. அவர்களது உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் காற்பங்குக்கு மேலாகக் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் பரிசோதித்தபோது, முப்பதாண்டு முதுமை பறித்த ஆற்றலைவிட அன்றைய மூன்று கிழமைப் படுக்கை பறித்தது அதிகம் என்பது தெரியவந்தது. இவ்வாய்வுகள் இரண்டும் நோயற்ற ஆடவரைக் கொண்டு செய்யப்பட்டவை. குருதியிழந்து, வயிறு கிழிக்கப்பட்டுப் படுக்கையிலிடப்பட்ட பெண்களின் இழப்பு இதனிலும் குறைந்திருக்கும் எனக் கருத நியாயமில்லை; அவர்களை அவ்வாறு அளந்து பார்க்க எவரும் முற்படவில்லை.

அப்படியாயின் எழுந்து நடந்துவிட்டால் வலு மீண்டுவிடுமா? இங்கே எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேர்ந்தது. மூன்றாம் நாள் நடந்தவள் பத்தாம் நாள் முன்போல வேலைசெய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கலாயினர். கிளாஸ்கோவின் டேவிட் கத்பேட்சன் 1930களில் எலும்பு முறிந்தோரின் சிறுநீரை ஆராய்ந்து, காயம் ஓரிடத்தில் நேரினும் உடல் முழுவதும் தசைப்புரதத்தை இழப்பதைக் கண்டிருந்தார். இவ்வழியிற் சென்ற பொஸ்ரன் சத்திரவைத்தியர் பிரான்சிஸ் மூர், 1959இல் வெளியிட்ட பெருநூலில், பெருஞ்சத்திரசிகிச்சையின் பின்னான தேறுதலை நான்கு கட்டங்களாக வகுத்தார். முதற் சில நாட்கள் உடல் தன்னையே எரிக்கும். பின் ஒரு திருப்பம் வரும். நோயாளி சுற்றியுள்ளவற்றில் அக்கறை கொள்வார், பசி மீளும். மூன்றாவது கட்டம் தசை வலு மீள்வது. அது சில கிழமைகள் நீளும். இறுதியிற் கொழுப்புச் சேமிப்பு நிரம்ப மாதங்கள் செல்லும். திருப்பத்தைக் கண்ட வீட்டார் நோய் தீர்ந்தது என்று மகிழ்கின்றனர். வலு மீளும் கட்டமோ அப்போதுதான் தொடங்குகின்றது. மூரின் நூலில் இப்பகுதி நடைமுறையிலே மிகுந்த பயனுடையது எனலாம்.

1980களில் டென்மார்க்கைச் சேர்ந்த ரொம் கிறிஸ்ரென்சனும் ஹென்றிக் கேலெற்றும் களைப்பைப் புள்ளியிட்டு அளக்கத் தொடங்கினர். சிக்கலற்ற வயிற்றறைச் சத்திரசிகிச்சை பெற்றோருள்ளும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் ஒரு மாதத்தின் பின்னரும் குறிப்பிடத்தக்க களைப்பு எஞ்சியிருந்தது. நோவைத் தணித்து, முன்கூட்டியே உணவூட்டி, அன்றே எழுப்பி நடத்தும் ஒழுங்குமுறையைக் கேலெற் 1990களில் வகுத்தார். றீஸ் 1899இல் தனியே செய்ததை இது நிறுவனமயமாக்கியது எனக் கொள்வது மிகையாகாது.

குழாய்க் கர்ப்பச் சிகிச்சையும் இக்காலத்தில் வேகமாக மாறியது. கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் 1958இல் அறிமுகப்படுத்திய ஒலியலைப் படமும், கர்ப்ப ஓமோனை நுண்ணளவிலே காணும் 1972ஆம் ஆண்டின் குருதிப் பரிசோதனையும் குழாய் வெடிக்கும் முன்னரே நோயை அறியச் செய்தன. சிறு துளையினூடாகக் குழாயை அகற்றும் லப்பறொஸ்கோப்பிச் சத்திரசிகிச்சை 1973இல் அமெரிக்காவிலும், குழாயைக் காத்துக் கருவை மாத்திரம் அகற்றும் அதன் வடிவம் 1980இல் பிரான்சின் புறூகா குழுவினராலும் அறிவிக்கப்பட்டன. 1982இல் யப்பானில் மெதோற்றெக்சேற்று மருந்து முதன்முதலாகப் பயன்பட்டது. வயிறு திறந்தோருக்கு ஆறு கிழமையளவு எனக் கருதப்பட்ட தேறுதற்காலம் துளைமுறையினால் இரண்டு முதல் நான்கு கிழமையாயிற்று. எனினும் துளையின் அளவு இரும்பின் கணக்கை மாற்றுவதில்லை. குழாய் வெடித்து ஒன்றரை லீற்றர் இழந்தவளுக்கு வயிற்றில் மூன்று சிறு தழும்புகளே இருப்பினும், கடன் ரெயிற்றின் நோயாளியினது கடனே. வெளியே காணும் காயம் சிறுத்த அளவுக்கு, அவள் களைப்பைப் பிறர் நம்புவதும் குறைந்துவிட்டது.

வைத்தியத்தின் அளவுகோல்களுக்கு மிகப் பிந்தி அகப்பட்டது துயரம். உயிர்காக்கும் அவசரத்தில், அங்கே ஒரு கர்ப்பமும் இழக்கப்பட்டது என்பது எவர் பதிவிலும் இடம்பெறவில்லை. ரெயிற்றின் பட்டியலிலே பிழைத்தவர், இறந்தவர் என்னும் இரு வகைகளே உண்டு. இலண்டன் வைத்தியசாலைகள் மூன்றில், கருச்சிதைவாலோ குழாய்க் கர்ப்பத்தாலோ கருவை இழந்த பெண்களைத் தொடர்ந்து அவதானித்து 2020இல் வெளியான ஆய்வு, ஒரு மாதத்தின் பின் அவர்களுள் நூற்றுக்கு 29 பேரிடமும், ஒன்பது மாதத்தின் பின் நூற்றுக்கு 18 பேரிடமும் பேரதிர்ச்சியைத் தொடரும் மனநோயின் அறிகுறிகளைக் கண்டது. உறக்கம் குலைதல், நினைவு திரும்பத் திரும்ப வந்து தாக்குதல், எதிலும் மனம் ஒன்றாமை என்பன அவ்வறிகுறிகளுட் சில. குருதிச்சோகையின் களைப்பும் இதுவும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. இரும்புக் குளிகையை மாத்திரம் கொடுத்து அனுப்பிய வைத்தியரும், மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று மாத்திரம் கூறிய உறவினரும் ஆளுக்கொரு பாதியையே கண்டனர்.

இங்கிலாந்து அரசாங்கம் 2024இல், 24 கிழமைகளுக்கு முன் இழக்கப்பட்ட கர்ப்பங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. குழாய்க் கர்ப்பமும் அதனுள் அடங்கும். தொடக்கத்தில் 2018 செப்ரெம்பருக்குப் பிற்பட்ட இழப்புக்களுக்கே அது வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அவ்வெல்லை நீக்கப்பட்டது. வைத்தியச் சான்று எதுவும் கேட்கப்படுவதில்லை. பெற்றோர் விரும்பினால் பிள்ளைக்கு ஒரு பெயரும் அதிலே எழுதப்படும்.